பெயரை மறைக்கும் கருவியும் குழுவை அமைக்கும் கைகளும்



திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் முனைவர் பட்டம் வரை போயிருக்கிற தம்பி தங்கைகள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். அப்பா சிப்காட் உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளி, அம்மா நூறு நாள் வேலை, பிள்ளை ஆய்வு மாணவர். இது நம் மாவட்டத்தில் பார்க்கக்கூடிய குடும்பம்தான். இந்தப் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பினோம், நிராகரித்து மெயில் வந்துவிட்டது. எல்லாம் ஆன்லைனில்தான் நடக்கிறது. படிக்கிறவருக்கு எங்கள் பெயரே தெரியாதாம். அப்படியானால் இதில் சாதி எங்கிருந்து வரும்?"

நியாயமான கேள்வி. பெயர் தெரியாத இடத்தில் சாதி வேலை செய்யுமா என்பது நம் முன்னோர் நூறு வருடத்துக்கு மேலாக வேறு வேறு வடிவத்தில் எதிர்கொண்ட கேள்வி. அதனால் கணினியில் தொடங்காமல் 1893இல் தொடங்குகிறோம்.

எல்லோருக்கும் பொதுவான தேர்வு

ஐ.சி.எஸ். தேர்வு அப்போது லண்டனில் மட்டும் நடந்தது. இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893 ஜூனில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவையும் அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. கேட்பதற்கு நல்ல கோரிக்கை. தேர்வுத்தாளில் பெயர் இருக்காது, மதிப்பெண்தான் பேசும்.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்தார். அதே 1893இல்தான் அவர் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அவர் வாதம் எளிமையானது. பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்ட மக்களுக்குத் தேர்வு எழுதும் வாய்ப்பே இல்லை. இங்கே தேர்வு வைத்தால் உள்ளே போகப்போவது ஆதிக்கச் சாதியார் மட்டும்தான். அவர்கள் நாளை அதிகாரியாக உட்கார்ந்தால் நம் மக்களின் நிலை என்ன ஆகும்?

அவருடைய முடிவோடு நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவர் பார்த்த இடத்தைக் கவனிக்க வேண்டும். விடைத்தாளில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதோடு அவர் நிற்கவில்லை. தேர்வு அறைக்குள் யார் வர முடிகிறது, வென்றவர் எந்த நாற்காலியில் உட்காருவார் என்று கேட்டார்.

பெயரின் வாலை வெட்டிய ஊர்

அடுத்தது 1929 பிப்ரவரி. செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு. பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கு நம் பகுதியும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்.

இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்கு நடக்காத மாற்றம் இது. இன்று தமிழ்நாட்டில் பெயரைப் படித்து மட்டும் சாதியைச் சொல்லிவிட முடியாது. ஆய்வுலகம் இப்போது 'பெயர் மறைத்த மதிப்பாய்வு' என்று பேசுவதை நாம் தெருவிலும் பள்ளிப் பதிவேட்டிலும் செய்து பார்த்தவர்கள்.

பலன் இருந்தது. சாதி ஒழிந்ததா? பட்டம் போன பிறகு "எந்த ஊர்?" என்ற கேள்வி வந்தது. ஊர் சொன்னால் "ஊரா, காலனியா?" வந்தது. எந்த விடுதியில் தங்கினாய், எந்த உதவித்தொகை வாங்குகிறாய், வீட்டில் என்ன கறி சமைப்பீர்கள் என்று கேள்விகள் நீண்டன. பெயரை மறைத்தது ஒரு கதவை மூடியது. கேட்கிறவர் வேறு கதவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

லாகூர் குழு திருப்பி அனுப்பிய உரை

மாநாட்டுக் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரிய வேண்டுமானால் 1936ஐப் பார்க்க வேண்டும்.

1916 மே 9 அன்று நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். மறு ஆண்டு அது 'இந்தியன் ஆண்டிகுவரி' ஆய்விதழில் வெளியானது. இருபது ஆண்டு கழித்து அதே அம்பேத்கரை லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தது. சாதியை உடைக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட சங்கம் அது. நடத்தியவர்கள் சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள்.

உரையின் அச்சுப் படியைக் குழுவினர் முன்கூட்டியே படித்தார்கள். வேதங்களையும் சாத்திரங்களையும் பற்றிய பகுதிகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இந்து மதத்தை விட்டு வெளியேறப் போவதாகச் சொன்னதும் பிடிக்கவில்லை. சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அண்ணல் எதையும் மாற்ற மறுத்தார். மாநாடே ரத்தானது.

அந்த உரையை 1936 மே மாதம் அவர் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. விரைவிலேயே பெரியார் அதைத் தமிழில் வெளியிட்டார். திருப்பி அனுப்பிய குழுவின் உறுப்பினர் யார் யார் என்று இன்று நம்மில் யாருக்கும் தெரியாது. உரை நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

இதில் இரண்டு பாடங்கள். சாதியை எதிர்ப்பதாகச் சொல்லும் குழுவும் தன் எல்லைக்கு வெளியே உள்ள கருத்தைத் தள்ளிவிடும். குழு தள்ளியதாலேயே ஓர் ஆய்வு மதிப்பிழந்துவிடாது.

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்துக்காகக் கூகுள் நிறுவனத்தில் தேன்மொழி சௌந்தரராஜன் பேச இருந்த உரை, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பு மின்னஞ்சல்களுக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார்.

கருவிகள் வந்த கதை

இனி கணினிக்கு வருவோம். 1990கள் வரை மாநாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் தபாலில் போயின. மூன்று நான்கு படி எடுத்து அனுப்ப வேண்டும். தலைவர் அவற்றைப் பிரித்து மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புவார். பிறகு குழு ஓர் அறையில் கூடி முடிவெடுக்கும். கட்டுரைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டபோது இந்த முறை தாங்கவில்லை.

1999இல் தரவுத் துறை மாநாடு ஒன்றுக்காக மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் சுரஜித் சௌதுரி உருவாக்கியதுதான் 'சிஎம்டி'. 2000இல் கனடாவில் ஜான் வில்லின்ஸ்கியின் 'பொது அறிவுத் திட்டம்' மாநாடுகளுக்கான கட்டற்ற மென்பொருளை வெளியிட்டது. 2002இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே வொரொன்கோவ் 'ஈஸிசேர்' தொடங்கினார். எடி கோலர் எழுதிய 'ஹாட்சிஆர்பி' பிறகு வந்தது. 2013 முதல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆண்ட்ரூ மெக்கல்லம் குழுவின் 'ஓப்பன்ரிவ்யூ' மதிப்பாய்வுகளையே எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது.

பெயர்கள் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் கணக்குத் தொடங்கி, தலைப்பையும் சுருக்கத்தையும் கொடுத்துக் கட்டுரையை ஏற்றுகிறீர்கள். உங்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் யார் என்று குறிக்கிறீர்கள். மதிப்பாய்வாளர்கள் பட்டியலைப் பார்த்து, தாங்கள் படிக்க விரும்பும் கட்டுரைகளைக் குறித்துக்கொள்கிறார்கள். கருவி அதை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. பொதுவாக மூன்று பேர் படித்து மதிப்பெண்ணும் குறிப்பும் எழுதுவார்கள். தங்களுக்குள் விவாதிப்பார்கள். கடைசியில் தலைவர் முடிவெடுப்பார். உங்களுக்கு மெயில் வரும்.

இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முந்திய படி ஒன்று இருக்கிறது. அது உங்கள் திரையில் தெரியாது. மாநாட்டுத் தலைவர் கருவிக்குள் நுழைந்து, குழு உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளை உள்ளிடுகிறார். அந்தப் பட்டியலைக் கருவி தயாரிப்பதில்லை. அவருடைய மாணவர், அவருடைய நண்பர், நண்பரின் மாணவர் என்று அது வளர்கிறது. சாதி உங்கள் கட்டுரையின் முதல் பக்கத்தில் இல்லாமல் போகலாம். அந்தப் பட்டியலில் அது இருக்க முடியும்.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிடங்களுக்கு 2019இல் தனிச் சட்டமே வந்தது. பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு. அந்த இடங்கள் நிரம்பாமல் கிடப்பது நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. மாநாட்டு மதிப்பாய்வுக் குழுவுக்கு அந்த அளவு விதிகூடக் கிடையாது. ஆசிரியர் அறையில் நாம் குறைவு என்றால், அந்த அறையிலிருந்து எடுக்கப்படும் குழுவில் இன்னும் குறைவாகத்தான் இருப்போம். நம் மாவட்டத்தில் மட்டும் பட்டியல் சாதி மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 22 விழுக்காடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

'வேண்டியவர்' என்பதற்குக் கருவிகள் வைத்திருக்கும் விளக்கமும் கவனிக்க வேண்டியது. ஒரே நிறுவனம், ஆய்வு வழிகாட்டி, சேர்ந்து எழுதியவர், குடும்பத்தார். இவ்வளவுதான். இந்தியாவில் ஒரே சாதிச் சங்கம், ஒரே மடம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வட்டம் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வராது.

மறைத்தால் என்ன கிடைக்கிறது

அதற்காகப் பெயர் மறைப்பது வீண் என்று சொல்லவில்லை. அதன் பலன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2017இல் இணையத் தேடல் துறை மாநாடு ஒன்றில் ஒரே கட்டுரையை நான்கு பேருக்குக் கொடுத்தார்கள். இருவருக்கு எழுதியவர் பெயர் தெரியும், இருவருக்குத் தெரியாது. பெயர் தெரிந்தவர்கள் புகழ்பெற்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளையும் பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய நிறுவனங்களிலிருந்து வந்த கட்டுரைகளையும் கூடுதலாக ஏற்றார்கள். ஆகவே பொன்னேரி அரசுக் கல்லூரியிலிருந்து எழுதுகிறவருக்குப் பெயர் மறைத்த மாநாடு நல்லது. இரண்டு மாநாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

குழுவின் தீர்ப்பு எவ்வளவு உறுதியானது என்பதையும் சோதித்தார்கள். நரம்பியல் வலைப்பின்னல் துறையின் பெரிய மாநாடான நியூரிப்ஸ் 2014இல் 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்தது. 43 கட்டுரைகளில், அதாவது நான்கில் ஒன்றில், இரு குழுவும் வேறு வேறு முடிவுக்கு வந்தன. ஏற்கப்படுபவை மொத்தத்தில் சிறு பகுதி என்பதால், ஒரு குழு ஏற்ற கட்டுரைகளில் ஏறத்தாழ பாதியை மற்றக் குழு தள்ளியிருந்தது.

நிராகரிப்பு மெயில் வந்ததும் "நமக்கு ஆய்வு வராது" என்று ஒதுங்கிப் போகும் தம்பி தங்கைகள் இந்த எண்ணை மனதில் வைக்க வேண்டும். பேராசிரியரின் பிள்ளைக்கு அந்த மெயில் ஒரு தகவல். வீட்டில் கேட்டால், "அடுத்த மாநாட்டுக்கு அனுப்பு" என்பார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அவர் அதைத் தன் தகுதி மேல் எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். நம் பிள்ளைகள் பலரை இழக்கிற இடம் இதுதான்.

கருவியை ஏமாற்றவும் முடியும். 2021இல் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லிட்மன் கணினித் துறையின் 'கூட்டுச் சதி வளையங்கள்' பற்றி எழுதினார். சிலர் சேர்ந்துகொண்டு, ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்க விரும்புவதாகக் குறித்து வாங்கி, மாறி மாறி நல்ல மதிப்பெண் போடுகிறார்கள். பெயர் மறைத்திருந்தாலும் தலைப்பை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் போதும். தனக்குள்ளேயே கொடுத்து வாங்கும் வட்டம் எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பக்கத்து வலிகள்

யுஜிசி 2016 விதிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரை ஆய்விதழில் வர வேண்டும், இரண்டு கட்டுரைகள் மாநாட்டில் வாசிக்க வேண்டும். 2022 விதிமுறைகளில் இந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். இரண்டு சான்றிதழ் வேண்டும், உதவித்தொகை தாமதமாக வரும், பதிவுக் கட்டணம் உடனே கட்ட வேண்டும். பணம் கட்டினால் எதையும் ஏற்கும் போலி மாநாடுகளுக்கு இது நல்ல விளைநிலம்.

அப்படிப்பட்ட கடைகள் புதியவை அல்ல. 2005இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் கணினி தானாக உருவாக்கிய பொருளற்ற கட்டுரையை அனுப்ப, ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது. வராத அறிஞர்களை மாநாட்டுக்கு வருவதாக விளம்பரம் செய்ததும் அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அழகான இணைய வாசலும் ஆன்லைன் விண்ணப்பமும் இருப்பதால் ஒரு மாநாடு உண்மையானதாகிவிடாது.

சின்னச் சின்ன இடறல்களும் உண்டு. விண்ணப்பத்தில் 'கடைசிப் பெயர்' கேட்கும். சாதிப் பட்டத்தை விட்ட நமக்கு அப்படி ஒன்று இல்லை. அப்பா பெயரை அங்கே போட்டால் சான்றிதழிலும் மேற்கோளிலும் நம் உழைப்பு அப்பா பெயரில் போய்ச் சேரும். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கட்டுரையிலிருந்து கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள்.

கடைசி நாளைப் பல மாநாடுகள் 'எனிவேர் ஆன் எர்த்' என்று குறிக்கும். பூமியில் எங்காவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை நேரம் உண்டு என்று பொருள். ஜூன் 10 இரவு 11.59 என்றால் நமக்கு ஜூன் 11 மாலை 5.29. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு அந்தப் பதினேழரை மணி நேரம் பெரிய உதவி.

இனி என்ன செய்வது

2016இல் பார்சிலோனாவில் நடந்த நியூரிப்ஸ் மாநாட்டில், ஆயிரக்கணக்கானோர் நடுவே கறுப்பின ஆய்வாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதைக் கண்டார் எத்தியோப்பியாவில் பிறந்த டிம்னிட் கெப்ரு. 2017இல் ரெடியட் அபேபேயுடன் சேர்ந்து 'பிளாக் இன் ஏஐ' தொடங்கினார். அதே மாநாட்டோடு சேர்ந்து தங்கள் பயிலரங்கை நடத்தினார்கள். தங்கள் குழுவைத் தாங்களே அமைத்தார்கள், பயணத்துக்கு நிதி திரட்டினார்கள், விசா மறுப்பை உலகறியச் செய்தார்கள். குறை சொல்வதோடு நிற்காமல் குழுவைக் கையில் எடுத்த வழி அது. 1893இலும் 1936இலும் நம் முன்னோர் செய்ததும் அதுதான். சொந்தக் கூட்டம், சொந்த அச்சு.

ஆகவே தோழர்களே, சில வேலைகள்.

கட்டுரை அனுப்பும் முன் மாநாட்டின் குழுப் பட்டியலைப் படியுங்கள். அதில் உள்ளவர்களில் இரண்டு மூன்று பேருக்கு அவரவர் பல்கலைக்கழக முகவரியில் எழுதி, உண்மையிலேயே குழுவில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். போலி மாநாடு அங்கேயே பிடிபடும்.

பெயர் மறைத்த மாநாட்டுக்கு அனுப்பும்போது கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் பதிந்திருக்கிறதா, நன்றியுரையில் வழிகாட்டி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வு செய்த சேரியின் பெயரை எழுதுவதா மறைப்பதா என்பதை நீங்களும் அந்த மக்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

பதிவுக் கட்டணச் சலுகை கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல மாநாடுகளில் அது உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

மறுப்பு வந்தால் குறிப்புகளைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கட்டுரையின் குறையைச் சொல்லும் வரி எது, "இது ஆய்வு அல்ல, இயக்கப் பேச்சு" என்று ஆளைத் தள்ளும் வரி எது என்று பிரியுங்கள். முன்னதைத் திருத்துங்கள். பின்னதற்குத் தலைவருக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்.

மதிப்பாய்வாளர் ஆகுங்கள். ஒரு கட்டுரை வெளியானதும் அந்தத் துறை மாநாட்டுத் தலைவருக்கு எழுதி, மதிப்பாய்வு செய்யத் தயார் என்று சொல்லுங்கள். வேலை அதிகம், ஆள் குறைவு என்பதால் வாய்ப்புத் தருவார்கள். அந்த மின்னஞ்சல் பட்டியலுக்குள் நம் முகவரியும் போக வேண்டும்.

குழுவில் இருக்கிற மூத்தவர்கள் நம்மவர் இருவரை அடுத்த ஆண்டுக்குப் பரிந்துரைப்பதைக் கடமையாக வைத்துக்கொள்ள வேண்டும். பாகுபாட்டுக்கு எதிரான விதியில் 'சாதி' என்ற சொல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மாநாட்டிடமும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் அந்தச் சொல்லைச் சேர்த்தது. சென்னையில் நடக்கும் மாநாடு சேர்க்க முடியாதா?

கடைசியாக, நம் மாநாட்டை நாமே நடத்துவோம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் உருவாக்கிய 'இண்டிகோ'வும் 'ஹாட்சிஆர்பி'யும் கட்டற்ற மென்பொருள்கள். கணினி படித்த தோழர் ஒருவரும் வாடகைக்கு ஒரு சர்வரும் இருந்தால் போதும். சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர் வாழ்க்கை, செங்கல் சூளை இருளர் குடும்பங்கள், எண்ணூர் முதல் பழவேற்காடு வரை கடலோரம் படும் பாடு என்று ஆய்வு செய்ய நம் மாவட்டத்திலேயே ஏராளம் கிடக்கிறது. அவற்றைத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே மதிப்பாய்வு செய்யலாம், ஒவ்வொரு மறுப்புக்கும் காரணம் சொல்லலாம்.

கருவி பெயரை மறைக்கட்டும். அதைப் பயன்படுத்திக்கொள்வோம். ஆனால் குழுவை யார் அமைத்தார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு மாநாட்டிலும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய்பீம்.